தும்மல் மரத்து வீடு

தட்டக் கூடாது என்றுதான் நேற்றுச் சாயங்காலமே கட்டிலை இழுத்து மரத்துக்கு எட்டாத மூலையில் போட்டுக்கொண்டேன். ஆனால் இந்த வீட்டில் மரத்துக்கு எட்டாத மூலை என்று ஒன்று கிடையாது. மொத்தமே பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதில் ஒரு பக்கம் சுவருக்குப் பதிலாக மரமே நிற்கிறது, தரையைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வந்து கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது, நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம், கண்ணை மூடிக்கொண்டாலும் அங்கேதான் நிற்கிறது. மணி ஆறாகப் போகிறது. கேமரூன் நாட்டுக் காட்டுக்குள், தரையிலிருந்து எண்பது அடி உயரத்தில், ஐயம்பெருமாள் என்கிற அறுபத்தாறு வயதுக்காரன், தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தரம் சொன்னவன், போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு இரண்டு கையையும் கக்கத்தில் திணித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வீடு லேசாக ஆடுகிறது. ஆடும் என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டார்கள், ஆடுவதுதான் நல்லது என்றுகூடச் சொன்னார்கள், சொல்வார்கள், சொன்னவர்கள் எல்லாம் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஊரில் கிளம்பும்போது என் பெண்டாட்டி சொர்ணம் என் பையைப் பிரித்து, வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த சுத்தியலைக் கண்டுபிடித்து வெளியே எடுத்து வைத்தாள். முட்டுவலியால் அவளால் வர முடியவில்லை, ஆனால் புத்தி சொல்ல முட்டி எதற்கு. "போற எடத்துல எதையும் தட்டாதீங்க. மனுசங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்" என்றாள். அந்தச் சுத்தியல் இந்நேரம் அடுப்படியில் அவளுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கும்.

நேற்றுச் செண்பகவல்லி என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, கொசுவலையைக் கட்டிவிட்டு, சூரிய விளக்கை எப்படி அமர்த்துவது என்று காட்டிவிட்டு, வாசலில் நின்றுகொண்டு கேட்டாள், வீடு எப்படிப்பா இருக்கு என்று. ஆறு வருஷத்துக்குப் பிறகு என் மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. நல்லா இருக்குட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தக் குடி முழுகிப் போயிருக்கும். நான் என்ன சொன்னேன், காலையில சொல்லுதேன் என்றேன், மர யார்டில் வியாபாரிகளைக் காக்கவைக்கிற அதே தோரணையில். அவள் தாடை கொஞ்சம் இறுகியது. சரிப்பா, காலையிலயே சொல்லுங்க என்று கயிற்றுப் பாலத்தில் இறங்கிப் போய்விட்டாள். அவள்மேல் குற்றமில்லை. எங்கள் ஊரில் புதுவீட்டுக்கு நிலை வைக்கும்போது, மஞ்சள் குங்குமம் தடவுவதற்கு முன்னால், ஐயம்பெருமாள் தட்டிப் பார்த்தாரா என்று கேட்பார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, நிலைக்கட்டையைத் தட்டச் சொல்வார்கள். கெட்டி என்று நான் சொன்னால்தான் கொத்தனார் கையில் கரண்டியை எடுப்பார். சின்ன வயதில் இவளும் என் விரலைப் பிடித்துக்கொண்டு கூட வருவாள், காபியில் பாதி அவளுக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று என் போனுக்கே பேசி, மரத்து மேல வீடு கட்டியிருக்கோம்ப்பா, இன்னும் யாரும் தங்கலை, மொத ஆளா நீங்க வந்து தங்கணும் என்று சொன்னபோதே எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்று மத்தியானம் ஒரு புருஷன் பெண்டாட்டியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இந்த அறைக்கு வருகிறார்கள். காசு கொடுத்துத் தங்க வருகிற முதல் விருந்தாளிகள். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம்தான், அந்தச் சிவப்புக் குறியை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருந்தால். நேற்று நடந்து வந்த பாதை இந்த மரத்தின் அடியைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. முன்னால் எவினா, இந்த ஊர்க்காரர், கயிறு வேலையெல்லாம் அவர் பொறுப்பு, நடுவில் நான், பின்னால் செண்பகத்தின் புருஷன் தவசி. அடிமரத்தில் நெஞ்சு உயரத்தில் பாசி மூடிக் கிடந்தது ஒரு பெருக்கல் குறி, சிவப்புப் பெயின்ட், பத்துப் பதினைந்து வருஷப் பழசு. உலகத்தில் எந்த யார்டுக்குப் போனாலும் எந்தக் காட்டுக்குப் போனாலும் அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான், இது வேண்டாம், கழித்துவிடு. மரம் வெட்டுகிற கம்பெனிக்காரன் எவனோ தட்டிப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறான். எவ்வளவு பெரிய மரம், எத்தனை கன அடி தேறும், அதை ஒருவன் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறான் என்றால் உள்ளே பொள்ளல், நடுத்தண்டு உளுத்துப்போய் வெறும் குழாய். நான் அதைப் பார்த்ததைத் தவசி பார்த்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தால் தரையில் மரம் நுழைகிற இடத்தில் சுற்றிலும் நாலு விரல் இடைவெளி, கீழே இருட்டு தெரிகிறது, காற்று வருகிறது, எந்த ஆசாரி இப்படி வேலை பார்ப்பான். என் துண்டைச் சுருட்டி அந்தச் சந்தில் அடைத்து வைத்தேன். கட்டினது யார், தவசிதான், படம் போட்டதும் அவர்தான், மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். இந்த வீட்டை நான் என்ன சொன்னாலும் அது அவரைச் சொன்னதாகத்தான் போய் முடியும். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னது போதாதா.

அந்த ஒரு தடவையை நினைக்காமல் ஒரு நாள்கூடப் போனதில்லை, ஆனால் நினைக்கும்போதெல்லாம் கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டுவிடுவேன். தவசி, அவர் அம்மா, தாய்மாமன், மூன்று பேரும் தட்டில் பழமும் வெற்றிலையுமாக எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். படித்த பையன், எஞ்சினியர், செண்பகத்தோடு ஒரே காட்டு வேலையில் இருக்கிறவன், எல்லாம் சரி. நான் நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன், சம்பளம் என்ன, எத்தனை நாள் இந்த வேலை, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் என்ன பண்ணுவீங்க, என் மகள் கோபக்காரி, சமாளிப்பீங்களா. எதற்கும் ஒரு வார்த்தைதான் பதில். ஆமா. பாக்கணும். தெரியலை. நாலு ஆள் இருக்கிற சபையில் மனுஷன் கொஞ்சம் எடுத்துப் பேச வேண்டாமா, எனக்கு அப்படிப்பட்ட ஆட்களையே பிடிக்காது, நான் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். சொர்ணம் அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. நான் மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு, அவர் தாய்மாமனைப் பார்த்துச் சொன்னேன், "தட்டிப் பாத்துட்டேன். உள்ள ஒண்ணுமில்ல." இதோ, சொல்லிவிட்டேன், கடைசி வரி இதுதான். தாய்மாமன் காபி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டார். எல்லாரும் இறங்கிப் போன பிறகு தவசி மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வர்றேன் மாமா என்றார். இரண்டு மாதம் கழித்து ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம், எனக்குத் தகவல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் மகளின் குரல் சொர்ணத்தின் போனுக்குள்தான் கேட்டது, நான் கூடத்துக்குள் நுழைந்தால் சொர்ணம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நான் அழுததை யாரும் பார்த்ததில்லை, பார்க்கும்படி அழுகிற ஆளும் இல்லை நான்.

எழுந்தாக வேண்டும், வயது அப்படி, விடிந்தால் ஒதுங்காமல் முடியாது. கக்கூஸ் முன்வராந்தாவின் கோடியில் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறது, தண்ணீர் கிடையாது, எல்லாம் மக்கி உரமாகப் போகுமாம், ஒரு கூடையில் மரத்தூளும் அதற்குள் ஒரு மரக்கரண்டியும். சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறாள். மற்றதெல்லாம் இங்கிலீஷும் பிரெஞ்சும், அதற்குக் கீழே எனக்காகப் பேனாவால், அப்பா, தண்ணி ஊத்தாதீங்க, ரெண்டு கரண்டி தூள் போடுங்க, செண்பகம். ஆறு வருஷத்தில் என் மகள் எனக்கு எழுதிய ஒரே கடிதம் கக்கூஸ் சுவரில் இருக்கிறது. அதை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெயரை எழுதும்போது ண்-ணுக்கு ஒரு சுழி கூடப் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு கரண்டி தூள் அள்ளியதும் மூக்கில் ஏறி, தும்மல், ஒன்று, இரண்டு, மூன்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அட, இது நம்ம தும்மல் மரம். பில்லில் மோவாபி என்று வரும், யார்டில் ஒருத்தரும் அப்படிச் சொல்வதில்லை, அறுத்தால் ஊரே தும்மும், அதனால் அந்தப் பெயர். எங்கேயோ காற்றில் சாய்ந்து விழுந்த மரத்தின் தூளாக இருக்கும், இங்கே நின்ற மரத்தை வெட்டுகிறவர்கள் இல்லை இவர்கள். திரும்பி வந்து அறைக்குள் நிற்கிறதைப் பார்த்தேன். பட்டையில் ஒரு கொடி உரசிய காயத்தில் பால் வடிந்து வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது, கட்டைகளின் ஓரத்தில் ஆயிரம் தடவை பார்த்த பால். இதுவும் அதுவேதான். நேற்றிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷமாக வெட்டிய முகத்தை மட்டும் பார்த்தவன் நான், காலை மட்டும் பார்க்கிற செருப்புக் கடைக்காரன் மாதிரி, உயிரோடு நின்றால் யாரென்று தெரியவில்லை. கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது. நல்ல கனமான மரக்கரண்டி. தட்டினேன்.

இடுப்பு உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. இடுப்பில் டக் என்று வந்து நின்றது, கெட்டி. நெஞ்சில் கொஞ்சம் இழுத்தது. தலைக்கு மேல் தட்டியபோது சத்தம் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டொம் என்று திரும்பி வந்தது, வந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு உள்ளங்கால் கூசியது. சந்தேகமே இல்லை. பொள்ளல், சின்னதும் இல்லை, ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். அந்தப் பொள்ளல் மரத்தில் தொங்குகிற வீட்டுக்குள் நான் நிற்கிறேன், மத்தியானம் இரண்டு பிள்ளைகள் இங்கே குதிக்கப் போகின்றன, எந்தப் பிள்ளைதான் ஆடுகிற வீட்டில் குதிக்காமல் இருக்கும். மெல்ல நடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன், நடந்தால் விழுந்துவிடும் போலவும் உட்கார்ந்தால் விழாது போலவும். சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும், ஆறு வருஷம் கழித்துக் கூப்பிட்டாள், அப்பா வந்தார், தவசி கட்டின வீட்டைத் தட்டிப் பார்த்தார், உள்ளே ஒண்ணுமில்ல என்றார், இதுதான் ஆகும். இந்தத் தடவை சொர்ணத்தின் போன்கூட மிஞ்சாது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும், ஒருவேளை ஒன்றும் ஆகாது, பத்து வருஷம் நிற்கும், இருபது வருஷம் நிற்கும், நான் போய்ச் சேர்ந்த பிறகும் நிற்கும், அல்லது அடுத்த மழைக்கே. இதமாகச் சொன்னால் என்ன. வீடு அருமை, மரம் மட்டும் கொஞ்சம். மரம் மட்டும் கொஞ்சம் என்ன. எனக்கு இதமாகச் சொல்ல வராது, கெட்டி, பொள்ளல், இரண்டே வார்த்தையில் பிழைப்பை ஓட்டியவன். தவசியிடம் தனியாகச் சொன்னால், மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், எந்த முகத்தோடு அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வது. மறுபடி எழுந்துபோய்க் காதை வைத்தேன், கேட்டது தப்பாக இருக்காதா என்று. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் காது தப்பாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். என் காது எப்போதும் தப்பாகாது, அதுதான் என் கர்வம்.

கர்வம் என்றதும் அந்தக் கட்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது, வர வேண்டாம் என்று நினைத்தாலும். செண்பகத்துக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூட லீவு, யார்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல் கட்டை, இரண்டு முனையும் பளிங்கு மாதிரி, ஒரு வெடிப்பு கிடையாது. நடுவில் தட்டினேன், டொம் என்றது. மில்காரர் சிரித்தார், இரண்டு முனையும் கெட்டி, நடுவில் மட்டும் எப்படிப் பொள்ளல் வரும் என்றார். அறுத்துப் பாருங்க என்றேன் நான், கூட்டம் கூடிவிட்டது. அறுத்தார்கள். பொள்ளல்தான். வெளியிலிருந்து அதற்கு ஒரு வாசல் இருந்திருக்கிறது, அதைச் சேற்றால் பூசி மெழுகி அடைத்து, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பிளவு விட்டிருந்தது. உள்ளே ஒரு பெரிய பறவை, கோழியைவிடப் பெரிசு, சாண் நீளத்துக்கு அலகு, இறகெல்லாம் கீழே கொட்டிக் கிடக்க, காய்ந்து போய் உட்கார்ந்தவாக்கில் இருந்தது. அதன் அடியில் இரண்டு குஞ்சு. எல்லாரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், ஐயம்பெருமாள் காது காதுதான் என்றார் மில்காரர், நான் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். இவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகத்திலோ தேடிப் பிடித்து, அது இருவாச்சி ஜாதி, முட்டை இட்டதும் பெட்டை தானே உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாகக் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள், "மரத்த வெட்டுனப்பறம் அந்த ஆண் பறவை பழத்தோட வந்து எங்கப்பா தேடியிருக்கும்?" பறவைக்கு என்ன தெரியும், சாப்பிடுட்டி என்றேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் காட்டுப் படிப்புப் படிக்கப் போனதும், இத்தனை தூரம் வந்ததும், அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்ததிலிருந்துதான் ஆரம்பம் என்று எனக்கு எப்போதோ தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக ஒரு தடவை, அளவு பார்க்கலாம், பொள்ளல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் சொல்வதற்காவது ஒரு கணக்கு இருக்கும் என்று, தலைக்கு மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். டொம். டொம். நிறுத்திக் காதை வைத்தேன். டொக் என்றது உள்ளே. கையை எடுத்துவிட்டேன். நான் தட்டவில்லை. மறுபடி டொக், டொக், கோபமாக, உள்ளேயிருந்து. முப்பத்து நாலு வருஷத்தில் எந்த மரமும் என்னைத் திருப்பித் தட்டியதில்லை. வராந்தாவுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், எண்பது அடி கீழே பார்க்காமல், மரத்தின் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். என் தலைக்கு மூன்றடி மேலே, பட்டையில் ஒரு இடத்தில் சேறு பூசியிருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு. அந்தப் பிளவுக்குள் ஒரு அலகின் நுனி தெரிந்தது, தெரிந்து உள்ளே போய்விட்டது. கரண்டியைப் போட்டுவிட்டேன், அது வராந்தாவில் விழுந்து உருண்டது, அந்தச் சத்தத்துக்குக்கூட எனக்கு உயிர் போய் வந்தது. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளின் கதவைக் கட்டையால் இடித்திருக்கிறேன். அதுவும் ஒரு தடவை இல்லை, அளவு எடுத்து, வரிசையாக.

அப்போது மேலே ஒரு சத்தம் வந்தது, நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிள் பம்பு அடிக்கிற மாதிரி, இறக்கைதான், அவ்வளவு பெரிய இறக்கை. கறுப்பாக ஒன்று வந்து எதிர்மரத்துக் கிளையில் உட்கார்ந்தது, தொண்டை புடைத்திருந்தது, அலகு நுனியில் ஒரு பழம். மரத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறுபடி என்னைப் பார்த்தது. நான் உட்கார்ந்துவிட்டேன், ஒடுங்கிவிட்டேன், போதவில்லை, அது பழத்தோடு எழும்பிப் போய்விட்டது. போகாதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். இனி வருமா. வராவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வர முடியாது, இறகெல்லாம் உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும், அடைத்த வாசலை இடித்துக்கொண்டு வந்தாலும் பறக்க முடியாது. யார்டில் செத்ததைக் கண்டுபிடித்துக் கைதட்டு வாங்கினவன், இங்கே உயிரோடு இருப்பதைக் கொல்லப் போகிறேனா. வீடு விழும் என்கிற பயம்கூடக் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது. சுவரோடு சுவராக, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாலம் லேசாக அசைந்தது. தவசி வெறுங்காலில் வந்துகொண்டிருந்தார், நான் ஒரு ராத்திரி தங்கியதும் கயிறுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்தாராம், தோளில் காபி பிளாஸ்க். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் உதட்டில் விரலை வைத்தேன். மரத்தைக் காட்டினேன், சேற்றைக் காட்டினேன். பார்த்தார். கண் விரிந்தது, அவ்வளவுதான், பக்கத்தில் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னேன், கரண்டியால் தட்டினதை, அது திருப்பித் தட்டினதை, ஆண் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் பழத்தோடு திரும்பிப் போனதை. வீடு கட்டி முடித்து இரண்டு மாதம் ஆளில்லாமல் கிடந்தபோது வந்திருக்கும், ஜோடியாகச் சுற்றுவதைப் பார்த்தோம், இங்கே என்று தெரியாது என்று முணுமுணுத்தார். அப்புறம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தீர்த்தேன். மரம் பொள்ளல் என்றேன். தெரியும் மாமா என்றார். மொத நாளே தெரியும், பொள்ளல்னுதான் கம்பெனிக்காரங்க குறி போட்டு வெட்டாம விட்டுட்டுப் போனாங்க, சுத்தியிருந்த நல்ல மரமெல்லாம் போயிட்டு, இது மட்டும் மிஞ்சிச்சு. எடை எதுவும் இது மேல இல்ல, பின்னால மூணு மரத்துல கயிறு போட்டுத் தொங்குது, வீடு இதைத் தொடவே தொடாது, நாலு விரல் எடம் விட்டிருக்கேன் பாருங்க என்றார். பார்த்தேன். அந்த நாலு விரலில் என் துண்டு அடைத்திருந்தது. அவர் அதையும் பார்த்தார். ஏன் நேத்தே சொல்லலை என்றேன். நீங்க காலையில சொல்லுதேன்னு சொன்னீங்களாமே, நீங்க சொல்லட்டும்னு இருந்தேன் என்றார்.

இவ்வளவு நேரத்தில் அவர் பேசினது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும், அன்றைக்கு என் வீட்டில் பேசினதைவிட அதிகம். கெட்டி மரம் தட்டினால் அதிகம் பேசாது, டக் என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், சத்தம் போடுகிறது எல்லாம் உள்ளே காலியாக இருக்கிறதுதான். முப்பத்து நாலு வருஷம் இதை வைத்துச் சம்பளம் வாங்கினேன், ஒரு மனுஷன் எதிரில் வந்து உட்கார்ந்தபோது தலைகீழாகக் கேட்டேன். அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டது யாருடைய சத்தம். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மாப்ள" என்றேன். அந்தச் சொல்லை அவரைப் பார்த்து இதற்கு முன்னால் நான் சொன்னதே இல்லை. அவர் என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு கையை என் முட்டிமேல் வைத்து அழுத்தினார். "பேசாதீங்க மாமா, வருது" என்றார்.

வந்தது. எதிர்மரத்துக் கிளையில் உட்கார்ந்து எங்களை வெகுநேரம் பார்த்தது, நாங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, என் கால் மரத்துப்போய்விட்டது, அசைக்கவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு வந்து சேற்றுக்குப் பக்கத்தில் பட்டையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. தொண்டையிலிருந்து ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து பிளவில் நீட்டியது. உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. பயந்திருக்கும், நான் பயமுறுத்தியிருக்கிறேன். அது எடுக்கவில்லை, இது விலகவில்லை, அப்படியே நீட்டிக்கொண்டு தொங்கியது. பிறகு அந்த அலகு நுனி மெல்ல வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. பழக்கதோஷம், எண்ணினேன், ஒவ்வொன்றாகப் பதினோரு பழம். அது பறந்து போன பிறகுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். குஞ்சு வெளியே வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும், அதுவரைக்கும் இங்கே ஆள் தங்கக் கூடாது, வர்றவங்களுக்கு எங்க வீட்டைக் குடுத்துரலாம் என்று, ஏதோ காபியை ஊற்றட்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னார். இரண்டு வருஷம் கட்டின வீட்டைத் திறக்கிற நாளிலேயே பூட்டுகிறார், முகம் மாறவில்லை.

பாலத்தின் அந்தக் கோடியில் செண்பகம் வந்து நின்றாள், கையில் அவித்த வாழைக்காயோடு ஒரு தட்டு. தகப்பனும் புருஷனும் வராந்தாத் தரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு நல்லது எதுவும் தோன்றியிருக்காது, அந்த முகம் எனக்குத் தெரியும், தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரும் இறங்கிப் போனபோது கதவோரம் நின்ற முகம். தவசி கையை அமர்த்திக் காட்டினார், மெதுவா என்று. அவள் மெதுவாகவே வந்தாள். எனக்கு எதிரில் நின்று, "காலையாயிட்டு. சொல்லுங்கப்பா" என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஆள் இருக்குட்டி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், தவசியைப் பார்த்தாள், அவர் மரத்தைக் காட்டினார். அந்தச் சேற்றைக் கண்டதும் தட்டு அவள் கையில் சாய்ந்தது, நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். அறுத்த கட்டைக்கு முன்னால் குனிந்து நின்றாளே, அதே மாதிரி வாய் கொஞ்சம் திறந்து, அதே ஒன்பது வயது. கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் உதடு அசைவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"அப்பா, அப்ப அந்த ஆண்?"

"வந்துட்டு" என்றேன், முடிந்தவரை மெதுவாக. "பழத்தோட வந்துட்டு."